பத்தாவது, பிளஸ் டூவுக்கு அப்புறம் வேலையா, பயிற்சியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம்தான். மே மாதம் ரிசல்ட் வந்த அன்று ஆரம்பித்து ஆகஸ்ட் வரைக்கும் பள்ளி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் போனிலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். அந்த இடத்தில் பிள்ளை பயிற்சியோ வேலையோ முடிக்கும்போது கையில் என்ன சான்றிதழ் வரும்? அங்கிருந்து மேலே ஏற அடுத்த படி உண்டா? இதை "அடுத்த படி" கணக்கு என்று என் மாணவர்களிடம் சொல்வேன். கீழேயும் அப்படித்தான் குறிப்பிட்டிருக்கிறேன்.

"பத்தாவது பாஸ் பண்ணிட்டான் டீச்சர். பிளஸ் ஒன் தவிர வேற என்ன இருக்கு?"

முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். தொழிலைப் பொறுத்து ஓராண்டு அல்லது இரண்டாண்டு. இரண்டு, பாலிடெக்னிக். மூன்றாண்டு டிப்ளமோ. மூன்று, அப்ரண்டிஸ். தொழிற்சாலையிலேயே சேர்ந்து, உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகுவது.

பிளஸ் ஒன்னிலேயே தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த 1978 முதல் அது உண்டு. எல்லாப் பள்ளியிலும் கிடையாது. உங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் ஒண்ணுதானே?"

இல்லை. ஐடிஐயில் ஒரு தொழிலைக் கையால் கற்றுக்கொள்கிறார்கள். நேரத்தில் பெரும்பகுதி பட்டறையில் போகும். முடித்தால் தேசிய தொழிற்சான்றிதழ் வரும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் என்று ஒரு துறையைப் படிக்கிறார்கள். கணக்கு, இயற்பியல், வரைபடம், ஆய்வகம் எல்லாம் உண்டு. தொழிற்சாலையில் ஐடிஐ முடித்தவர் இயந்திரத்தில் நிற்பார். டிப்ளமோ முடித்தவர் பெரும்பாலும் தரம் பார்ப்பது, மேற்பார்வை, பராமரிப்பு என்று போவார்.

கணக்கு ஓரளவுக்கு வரும், மூன்று வருடம் வீடு தாங்கும் என்றால் பாலிடெக்னிக். கையில் வேலை செய்தால்தான் மனம் நிற்கும் பிள்ளை, சீக்கிரம் சம்பாதிக்கவும் வேண்டும் என்றால் ஐடிஐ. இது என் அனுபவத்தில் வந்த அளவுகோல். பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

"ஐடிஐன்னா மார்க் வராத பசங்க போற இடம்னு சொல்றாங்களே?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். பக்கத்தில் அந்தப் பையன் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருப்பான்.

ஒரு முறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை அரசு ஐடிஐக்கு அழைத்துப் போனேன். ஃபிட்டர் பிரிவில் முதல் வருடப் பையன்கள் அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரும்புத் துண்டை பெஞ்ச் வைஸில் இறுக்கி, இரண்டு கையாலும் அரத்தைப் பிடித்து, உடம்பு ஆடாமல் ராவுகிறார்கள். நாலு இழுப்புக்கு ஒரு முறை துண்டைக் கழற்றி, ட்ரை ஸ்கொயரை அதன் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஸ்கொயருக்கும் இரும்புக்கும் நடுவில் நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் பயிற்றுநர் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடியும் வைஸ், மறுபடியும் அரம். அங்கே நின்றவர்களில் ஒருவன் என் வகுப்பில் கணக்கில் 38 எடுத்தவன். வெர்னியரை என் கையில் கொடுத்து, "இதுல 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் பார்க்கலாம் டீச்சர்" என்று எனக்கு அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தான். என் வகுப்பில் இரண்டு வருடம் வாயே திறக்காத பையன் அவன்.

மதிப்பெண் குறைந்தவர்களும் அங்கே சேரலாம் என்பது உண்மைதான். எட்டாவது முடித்தவர்கள் சேரக்கூடிய வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளும் உண்டு. ஆனால் நல்ல அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற பிரிவுகளுக்குப் போட்டி இருக்கிறது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் இப்போது விரும்பிச் சேர்கிறார்கள்.

"செலவு எவ்வளவு ஆகும்? நாங்க கூலி வேலை செய்றவங்க."

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், சைக்கிள், பஸ் பாஸ் ஆகியவற்றை அரசே கொடுக்கிறது. அரசு பாலிடெக்னிக்கிலும் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. தனியார் நிலையங்களில்தான் தொகை பெரிதாகும்.

இதற்கு மேல் மாதம் 1,000 ரூபாய் வருகிற திட்டங்கள் இரண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரிக்குப் போனால்தான் கிடைக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஐடிஐ, டிப்ளமோ சேர்ந்தாலும் கிடைக்கும். சேர்ந்த நிலையத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, அதோடு ஆதார் இணைப்பு இரண்டும் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பணம் வரவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலருக்குச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

"என்னென்ன சர்டிபிகேட் ரெடியா வச்சுக்கணும்?"

மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ. வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் தேவைப்படுபவர்கள் இ-சேவையில் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் கூட்டம் அதிகம்.

ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஷியல் முன்னால், பின்னால் என்று மாறினாலே பின்னால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு வரைக்கும் தொல்லை கொடுக்கும். இன்னொன்று, அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பத்திரம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அப்புறம் அதன் பின்பக்கம் முத்திரை வைக்க வழியில்லாமல் போகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாலே போதும்.

"எந்த ட்ரேடுக்கு இப்ப மவுசு?"

மவுசைப் பார்த்துச் சேர்ப்பதை விட, ஒரே தொழிலை எத்தனை இடத்தில் செய்யலாம் என்று பாருங்கள். ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் எல்லாத் தொழிற்சாலைக்கும் வேண்டும். மில்லுக்கும் வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் வேண்டும். டர்னர், மெஷினிஸ்ட் முடித்தவர்கள் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் பழகிக்கொண்டால் கோயம்புத்தூர், ஓசூர், சென்னைப் பக்கம் வேலை கிடைக்கும். ஏ.சி. மெக்கானிக், மோட்டார் மெக்கானிக் சொந்த ஊரிலேயே கடை போட்டுப் பிழைக்கலாம். வெல்டர் ஓராண்டுதான், சீக்கிரம் சம்பாத்தியம் வரும். ஆனால் கண்ணையும் நுரையீரலையும் காப்பாற்றிக்கொள்ளும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். 2022-இல் அரசு 71 அரசு ஐடிஐக்களைத் தனியார் பங்களிப்போடு நவீனப்படுத்த ஒப்பந்தம் போட்டது. ரோபோ, தானியங்கி இயந்திரங்கள் தொடர்பான புதிய பிரிவுகள் அவற்றில் உண்டு. உங்கள் பக்கத்து ஐடிஐ அதில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சேர்வதற்கு முன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு பட்டறையை நேரில் பாருங்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா? அரத்தில் பல் தேய்ந்திருக்கிறதா? அப்படியென்றால் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். எல்லா இயந்திரமும் பளபளவென்று துணி போட்டு மூடியிருந்தால் யோசியுங்கள். தனியார் என்றால் என்.சி.வி.டி. (தேசிய தொழிற்பயிற்சிக் கவுன்சில்) அங்கீகாரம் அந்த நிலையத்துக்கு இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் பிரிவுக்கே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் "அடுத்த படி" கணக்கில் அந்த இடம் தேறாது.

"பொம்பளப் பிள்ளைய ஃபிட்டர், எலக்ட்ரீஷியன்னு சேர்க்கலாமா? ஊர்ல சிரிப்பாங்களே."

தாராளமாகச் சேர்க்கலாம். எல்லாப் பிரிவும் பெண்களுக்கும் உண்டு. கிண்டி, மதுரை போன்ற ஊர்களில் பெண்களுக்கென்றே அரசு ஐடிஐ இருக்கிறது. ஆண்களுக்கு 40 வயது என்ற வரம்பு உண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. அதனால் பிள்ளையைச் சேர்க்க வந்த ஓர் அம்மாவையே தையல் பிரிவில் சேரச் சொல்லியிருக்கிறேன்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொழிற்சான்றிதழும் இல்லாமல் உற்பத்தி வரிசையில் நிற்கிறார்கள். கல்யாணமாகி ஊர் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கையில் எலக்ட்ரீஷியன் சான்றிதழ் இருக்கும் பெண் எந்த ஊருக்குப் போனாலும் அதைக் காட்டி வேலை கேட்கலாம். ஊர் சிரிப்பது முதல் சம்பளம் வரைக்கும்தான்.

"அப்ரண்டிஸ்னா என்ன? அது சம்பளமா?"

சம்பளம் இல்லை, உதவித்தொகை. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, நிறுவனம் ஒப்பந்தம் போட்டு ஒருவருக்குத் தொழில் பழக்குகிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 2019-இல் திருத்திய விதிகளில் குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாவது முடித்தவருக்கு 6,000, பிளஸ் டூ அல்லது ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. அதிகமாகக் கொடுக்கலாம், கொடுக்கிறார்கள்.

திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப்., பொன்மலை, போத்தனூர் ரயில்வே பணிமனைகள் எல்லாம் அப்ரண்டிஸ் எடுக்கிற இடங்கள். ரயில்வேயில் தனியாகத் தேர்வு கிடையாது. மதிப்பெண் வரிசைப்படிதான் எடுக்கிறார்கள். அதனால் "பாஸ் பண்ணினாப் போதும்" என்று இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வேன். அந்த மதிப்பெண் நாலு வருடம் கழித்தும் கூட வரும்.

டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் தனியாக உண்டு. அதைத் தென் மண்டலத்துக்குச் சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியம் பார்த்துக்கொள்கிறது. அந்த உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு கொடுக்கிறது.

"கம்பெனியில அப்ரண்டிஸ்னுதான் சேர்த்தாங்க. ஆனா எல்லாரோடயும் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குறாங்க."

இதில்தான் கவனமாக இருக்க வேண்டும். பேர் அப்ரண்டிஸ், நிஜத்தில் குறைந்த கூலிக்கு ஆள் என்று நடத்துகிற இடங்கள் இருக்கின்றன. சட்டப்படி அப்ரண்டிஸாக இருந்தால் மூன்று அடையாளம் இருக்கும். அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவு எண் இருக்கும். பிள்ளையும் நிறுவனமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கும் (பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும்). எந்தத் தொழிலுக்கு எத்தனை மாதம் என்று அதில் எழுதியிருக்கும். இந்த மூன்றும் இல்லையென்றால் அது அப்ரண்டிஸ் இல்லை. சாதாரண வேலை. அப்போது அதற்குரிய குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் கேட்க உரிமை உண்டு.

முறையான அப்ரண்டிஸை அரசு அப்ரண்டிஸ் அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது, எனக்கும் புரிகிறது. அதனால்தான் சேரும் அன்றே அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

"அப்ரண்டிஸ் முடிச்சா அங்கயே வேலை உறுதியா?"

உறுதி இல்லை. அப்படி யாராவது வாயால் சொன்னால் எழுதிக் கேளுங்கள். ஆனால் முடிவில் ஒரு தேர்வு உண்டு. அதில் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வரும். ரயில்வேயில் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மற்ற இடங்களிலும் ஒரு வருட அனுபவமும் சான்றிதழும் சேர்ந்து பேசும். முடிவுத் தேர்வு எழுதாமல் விட்டுவிட்டு வருகிற பையன்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

"ஐடிஐ போயிட்டா அப்புறம் காலேஜே போக முடியாதா?"

போகலாம். பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இப்படிப் படிப்படியாக ஏறி இன்ஜினியர் ஆனவர்கள் உண்டு. பட்டறையில் கை பழகியிருப்பதால் கல்லூரியில் அவர்களுக்குப் பாடம் சீக்கிரம் பிடிபடுகிறது என்பது அவர்களே என்னிடம் சொன்னது.

கலை, அறிவியல் பட்டம் வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. பத்தாவது முடித்து இரண்டாண்டு ஐடிஐயும் தேறியவர், பிளஸ் டூவில் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழிப்பாடத்தை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். எட்டாவது முடித்து ஐடிஐ போனவர்களுக்கும் பத்தாவதுக்கு இணையாக இதே ஏற்பாடு உண்டு. இதைத் தெரியாமலே நிறையப் பேர் வேலையில் பத்து வருடம் கழித்து, பதவி உயர்வு வரும்போது வந்து கேட்கிறார்கள்.

"ரெண்டு பாடத்துல ஃபெயில். ஆள் வீட்டை விட்டே வெளிய வரமாட்டேங்குறான்."

முதலில் அவனுக்குச் சாப்பாடு போடுங்கள். திட்டாதீர்கள். சொந்தக்காரர்கள் போன் செய்தால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். அவனாகப் பேசுகிற வரைக்கும் ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள். மனசு ரொம்ப உடைந்து தெரிந்தால் 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை உதவி எண்ணுக்கோ, 104-க்கோ கூப்பிடுங்கள். இரண்டிலும் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும். பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். அதில் தேறினால் அந்த வருடமே சேர்ந்துவிடலாம். அதிலும் போனால், எட்டாம் வகுப்புத் தகுதியில் சேரக்கூடிய ஐடிஐ பிரிவுகளைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். என் மாணவன் ஒருவன் பத்தாவதில் மூன்று பாடம் போய், வெல்டர் சேர்ந்து, அந்தப் பாடங்களையும் பக்கத்திலேயே எழுதி முடித்தான். சான்றிதழ் வாங்க வந்த அன்று அவன் அம்மா பள்ளிக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

"பிளஸ் டூ முடிச்சிட்டா. காலேஜ் வேணாம், உடனே வேலைக்குப் போறேங்கிறா. தடுக்கிறதா விடுறதா?"

ஏன் வேண்டாம் என்கிறாள் என்று முதலில் கேளுங்கள். பல வீடுகளில் உண்மைக் காரணம் பணமாக இருக்கும். அப்பாவுக்குக் கடன், தம்பி படிக்கிறான் என்று பிள்ளையே தனக்குள் முடிவு எடுத்துவிடும். அப்படியென்றால் மேலே செலவுக் கேள்வியில் சொன்ன உதவிகளை அவளிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பிளஸ் டூ முடித்து எங்கேயும் சேராதவர்களுக்காகவே நான் முதல்வன் திட்டத்தில் "உயர்வுக்குப் படி" என்று முகாம் நடத்துகிறார்கள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ, வங்கி, சான்றிதழ் கொடுக்கும் அலுவலர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். அங்கேயே சேர்க்கை வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நிஜமாகவே வேலைக்குத்தான் ஆசை என்றால் தடுக்காதீர்கள். "அடுத்த படி" உள்ள வேலையாகப் பாருங்கள். வேலை செய்துகொண்டே தொலைதூரக் கல்வியில் பட்டம் படிக்கலாம். பத்தாவது தகுதியில் குரூப் 4, காவலர் தேர்வு எல்லாம் 18 வயது நிரம்பியதும் எழுதலாம். வேலைக்குப் போகும் பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதற்கும் தயாராகலாம்.

"மில்லுல இருந்து வேன் வருது. மூணு வருஷம் இருந்தா மொத்தமா பணம் தர்றாங்களாம். கல்யாணத்துக்கு ஆகும்ல?"

எங்கள் பக்கம் நூற்பாலைகள் அதிகம் என்பதால் இதை வருடா வருடம் கேட்கிறேன். சுமங்கலித் திட்டம் என்ற பேரில் முன்பு பரவலாக நடந்ததும் இதுதான். ஹாஸ்டலில் தங்கி வேலை, மாதாமாதம் கையில் கொஞ்சம், மூன்று வருடம் முடிந்தால் மொத்தத் தொகை. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பி வந்த பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. சம்பளத்தை மாதாமாதம் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிடித்து வைத்து மூன்று வருடம் கழித்துத் தருவதாகச் சொன்னாலே அந்த இடம் வேண்டாம்.

மில் வேலையே தப்பு என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் போனில் பேசலாம், ஊருக்கு வரலாம் என்று இருக்கும் மில்களும் உண்டு. போகும் முன் ஹாஸ்டலை நீங்களே போய்ப் பாருங்கள். கழிவறையைப் பாருங்கள். ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தியிடம் தனியாகப் பேசுங்கள். 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு அனுப்புவது குற்றம், 14 முதல் 18 வரை அபாயமான வேலைக்கு அனுப்பக் கூடாது. யாராவது பிள்ளை மாட்டிக்கொண்டது தெரிந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

"பெரிய கம்பெனியில சேர்த்து விடுறேன்னு ஒருத்தர் இருபதாயிரம் கேக்குறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். முறையான நிறுவனம் வேலைக்குச் சேர்பவரிடம் பணம் வாங்காது. அரசு நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களில் அதே நிறுவனங்கள் இலவசமாக ஆள் எடுக்கின்றன. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்குங்கள்.

"நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று நர்சிங், லேப் டெக்னீஷியன் பயிற்சி நடத்தும் இடங்களிலும் இதே கவனம் வேண்டும். ஒரு மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை, வெள்ளைக் கோட்டுப் போட்ட படம், ஆறு மாதத்தில் நர்ஸ் என்பார்கள். ஜெனரல் நர்சிங் டிப்ளமோவுக்கே மூன்றாண்டு ஆகும். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாத சான்றிதழை வைத்துக்கொண்டு நர்ஸாகச் சேர முடியாது. இரண்டு பவுன் நகையை அடகு வைத்துச் சேர்த்த ஓர் அப்பா, அது தெரிந்த அன்று என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அவருக்குச் சொல்ல அன்று என்னிடம் எதுவும் இல்லை.

"பதினாறாயிரம்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. பதிமூணுதான் வந்திருக்கு. ஏமாத்துறாங்களா?"

சம்பளச் சீட்டைக் கேளுங்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 16,000. அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,440 பிடிப்பார்கள். ஈ.எஸ்.ஐ. மொத்தத்தில் 0.75 சதவீதம், 120. கேன்டீனுக்கு 600, பஸ்ஸுக்கு 500 என்று வைத்தால் கையில் 13,340 வரும். இதில் பி.எஃப். போனது இழப்பு இல்லை, நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. ஈ.எஸ்.ஐ. இருப்பதால் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் பார்க்க வழி கிடைக்கலாம்.

சீட்டே தரவில்லை, பிடித்தம் எதற்கென்று சொல்லவில்லை, பி.எஃப். பிடிக்கிறார்கள் ஆனால் எண் தரவில்லை என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும். பி.எஃப்.பில் யு.ஏ.என். என்ற பொது எண் ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க அதே எண்தான். வேலை மாறும்போது பழைய எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் பாருங்கள், சீட்டின் தலைப்பில் கம்பெனி பேர் இருக்கிறதா, ஒப்பந்ததாரர் பேர் இருக்கிறதா? வாசலில் பெரிய பேர்ப்பலகை இருந்தாலும் சம்பளம் கொடுப்பவர்தான் உங்கள் முதலாளி.

"வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதியறதால பிரயோஜனம் உண்டா?"

பதிந்து வைப்பது நல்லது, செலவில்லை. பள்ளியிலேயே பதிவு செய்து கொடுக்கிறோம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தனியார் வேலைக்கு அதே துறை முகாம்கள் நடத்துகிறது. அதற்கும் போங்கள்.

"ரெண்டு மாசத்துல வேலைய விட்டுட்டு வந்துட்டான். இவனை என்ன பண்றது?"

பதினெட்டு வயதில் முதல் முறையாக ஊரை விட்டுப் போய், எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்து, ராத்திரி ஷிஃப்ட் பார்த்த பிள்ளை அது. "பொறுப்பில்லாதவன்" என்று சொல்லும் முன் நடந்ததைக் கேளுங்கள். சாப்பாடா, தூக்கமா, மேஸ்திரி திட்டினாரா, வேறு ஏதாவது நடந்ததா? ஒருவன் திரும்பி வந்ததற்குக் காரணம், எட்டு மணி நேரம் நிற்கும்போது கால் வீங்கியதுதான். அவனுக்கு வேலை பிடிக்காமல் இல்லை. வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்கலாம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

வந்தவன் சம்பள பாக்கியை வாங்கினானா, பி.எஃப். எண்ணைக் குறித்து வைத்தானா என்று பாருங்கள். அப்புறம் ஒரு வாரம் தூங்கட்டும். அடுத்தது பக்கத்து ஊர் ஐடிஐயாக இருக்கலாம், வீட்டிலிருந்து போய் வருகிற வேலையாக இருக்கலாம். இப்போது வேலை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். இந்த முறை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், அவனைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

"எல்லா அட்மிஷனும் முடிஞ்சிருச்சு டீச்சர். ஒரு வருஷம் வீணாப் போச்சா?"

ஆகஸ்டில்கூட இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். கலந்தாய்வு முடிந்ததும் அரசு ஐடிஐக்களில் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். அசல் சான்றிதழ்களோடு காலையிலேயே நேரில் போய் நின்றால் அன்றே இடம் கிடைக்கலாம். பாலிடெக்னிக்கிலும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். அப்ரண்டிஸ் அறிவிப்புகள் வருடம் முழுக்க வருகின்றன. கிராமப்புற இளைஞர்களுக்குத் தங்குமிடத்தோடு இலவசமாகக் குறுகியகாலப் பயிற்சி தருகிற அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ஒன்றியத்து மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

எதுவும் அமையவில்லை என்றாலும் உங்கள் பிள்ளை படித்த பள்ளிக்கே வாருங்கள். டி.சி. வாங்கிவிட்டோமே, இனி எப்படிப் போய்க் கேட்பது என்று தயங்க வேண்டாம். மூன்று வருடம் முன்னால் முடித்தவர்களும் வருகிறார்கள். வரும்போது அந்தப் பிளாஸ்டிக் உறையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.